மண்ட்டோ படமும் ரெண்டு வார்த்தையும்

அண்ணா வணக்கம். நீங்க சொன்னீங்கன்னு உருது எழுத்தாளர் மண்ட்டோவைப் பத்தி நந்திதா தாஸ் எடுத்த ‘மண்ட்டோ’ படம் பார்த்தேன். மண்ட்டோவா நடிச்ச நவாசுதீன் பிரமாதம். ஆனா திடீர் திடீர்னு அவர் எழுதின கதைங்க உள்ள வந்துடுது, எது வாழ்க்கை எது கதைன்னே பிடிபடல. ரெண்டாம் பாதி முழுக்க குடி, கடன், கோர்ட். இவ்வளவு பெரிய எழுத்தாளரை இப்படித்தான் காட்டணுமா?
- க.

அன்புள்ள க.,

கதைங்க உள்ள வர்றது முதல் தடவை எனக்கும் இடறுச்சு. ஆனா அந்த ‘கோல் தோ’ (‘திற’ன்னு அர்த்தம்) கதையை நினைச்சுப் பாருங்க, டாக்டர் ஜன்னலைக் காட்டி திறங்கன்னு சொல்றார், பிரிவினைக் கலவரத்துல பலபேர் சீரழிச்சு மயங்கிக் கிடக்குற பொண்ணோட கை தானா சல்வார் நாடாவை அவிழ்க்குது, கிழட்டு அப்பன் எம்பொண்ணு உசுரோட இருக்கான்னு சந்தோஷத்துல கத்துறார், டாக்டருக்கு வேர்த்துக் கொட்டுது. 1948ல இதை எழுதுறவன் மண்டைக்குள்ள கதை தனியா வாழ்க்கை தனியாவா இருந்திருக்கும்?

ரெண்டாம் பாதி இருட்டு பத்தி கேட்டீங்க. மண்ட்டோ 1948 ஜனவரில பம்பாயை விட்டு பாகிஸ்தான்ல இருக்குற லாகூர் போறார், 1955 ஜனவரி 18ல செத்துப்போறார், வயசு 42. அந்த ஏழு வருஷத்தை வெளிச்சமா காட்டியிருந்தா அது பொய்ங்க. அவரோட புகழ்பெற்ற கதை ‘டோபா டேக் சிங்’கே அந்த ஏழு வருஷத்துல வந்ததுதான்.

அவர் கதைங்க மேல ஆபாச வழக்கு மொத்தம் ஆறு, பிரிவினைக்கு முன்னாடி மூணு, அப்புறம் மூணு. அதெல்லாம் அவரை உடைக்கலன்னுதான் நான் நம்புறேன். உடைச்சது கூட இருந்தவங்க சொன்ன ரெண்டு வார்த்தை. பம்பாய்ல நடிகர் ஷ்யாம், உயிர் நண்பன், முஸ்லிம்கள் செஞ்ச கொடுமைக்குத் தப்பி வந்த ராவல்பிண்டி சீக்கிய அகதிங்க கதையைக் கேட்டுட்டு இருந்தப்ப உன்னைக் கொன்னிருப்பேன்னு, முஸ்லிமான மண்ட்டோ முகத்துக்கு நேரா சொல்லிடறான். அந்த ஊரை விட்டுக் கிளம்பினதுக்கு அந்த வார்த்தையும் ஒரு காரணம். அடுத்தது லாகூர்ல, ‘தண்டா கோஷ்த்’ங்கிற அவர் கதை மேல போட்ட கேஸ்ல. கீழ்க்கோர்ட்டு மூணு மாசம் கடுங்காவலும் 300 ரூபா அபராதமும் போட்ட கேஸ் அது, அப்பீல்ல விடுதலை ஆகி மறுபடி ஹைகோர்ட் வரைக்கும் இழுத்துச்சு. அதுல இவர் பக்கம் சாட்சி சொல்ல வந்த பெரிய உருதுக் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ், இது ஆபாசம் இல்ல, ஆனா உயர்ந்த இலக்கியத் தரத்துலயும் இல்லன்னுட்டார். காப்பாத்த வந்த மனுஷன், அதுவும் ஃபைஸ்! படிக்கும்போதே எனக்கு வயிறு கலங்கும்.

அந்த கோர்ட் சீனை மட்டும் இன்னொரு தடவை போட்டுப் பாருங்க க., ஃபைஸ் பேசும்போது நவாசுதீன் முகத்தை மட்டும் பாருங்க.