கேழ்வரகுக்கு யானை, முதல் மழைக்கு மஞ்சள் தவளை: கொல்லைமேட்டுக் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலிருந்தும் நம் விவசாயக் குழு நண்பர்கள் கேட்டவை இவை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டை ஒட்டி மானாவாரியாகக் கேழ்வரகும் அவரையும் போடுகிறவன் நான். எது எந்த மாதம் வந்தது, எப்போது போனது என்று நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் உண்டு. அதனால் பதில் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கெலமங்கலம் பக்கத்திலிருந்து: அண்ணா, போன கார்த்திகையில் ஒரே ராத்திரியில் பாதிக் கொல்லை ராகி போய்விட்டது. யானை எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

தேதி சொல்ல முடியாது தம்பி, பருவம் சொல்லலாம். ராகி பால் பிடிக்கிற சமயம்தான் கணக்கு. ஐப்பசிக் கடைசியிலிருந்து உஷாராக இருங்கள். கர்நாடகத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து கிளம்பும் கூட்டங்கள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கி தேன்கனிக்கோட்டை, ஊடேதுர்கம், சானமாவு என்று காடு மாற்றி காடு வரும். தை, மாசியில் திரும்பும். இந்தக் காடுகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து இல்லை. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக நம் கொல்லையைத்தான் தாண்டியாக வேண்டும். தாண்டுகிற வழியில் பால் பிடித்த ராகி நின்றால் அது சும்மா போகுமா?

வந்து போனதைக் கண்டுபிடிப்பது சுலபம். மாடு மேய்ந்தால் நுனியைக் கடித்திருக்கும். யானை தூரோடு பிடுங்கி, வேர் மண் உதிர முன்காலில் தட்டிவிட்டுத் தின்னும். வரப்பில் உதிர்ந்த மண்ணும், துப்பிப் போட்ட வேர்க்கட்டையும் கிடக்கும். ஈர மண்ணில் முன்கால் தடம் நன்றாகப் பதிந்திருந்தால் ஒரு நூலை வைத்துச் சுற்றளவு எடுங்கள். அதை இரண்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட அந்த யானையின் தோள் உயரம். தடத்தில் சின்னதும் பெரியதும் கலந்திருந்தால் குட்டியோடு வந்த கூட்டம். ஒரே அளவில் பெரிய தடம் மட்டும் என்றால் தனி ஆண் யானை. தனியாக வருவது பழகிய வழியில் மறுநாளும் வரும் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

நான் பார்த்தவரை நம் ஆட்கள் கோட்டை விடுவது அறுப்புக்கு அப்புறம். கதிரை அறுத்துக் கொல்லையிலேயே போர் போட்டு, அடிக்க ஆள் கிடைக்கட்டும் என்று நாள் கணக்கில் விட்டுவிடுகிறோம். நின்ற பயிரை மேய வேண்டிய சிரமம்கூட யானைக்கு இல்லை. அறுத்ததை ஊருக்குள் கொண்டுவந்து அடியுங்கள். பரணில் காவலுக்குப் போனால் தனியாகப் போகாதீர்கள், குடித்துவிட்டுப் போகவே போகாதீர்கள். செல்போனைத் தூக்கிக்கொண்டு வீடியோ எடுக்க ஓடுகிற பையன்களை வீட்டிலேயே பிடித்து வையுங்கள். சேதமானால் காலையிலேயே படம் எடுத்து, வனத்துறைக்கும் விஏஓவுக்கும் சொல்லி, நிவாரணத்துக்கு மனுக் கொடுங்கள். இடத்தைச் சுத்தம் செய்துவிட்டு மனுப் போட்டால் கதை நீளும்.

வேலியில் நேர் கரண்ட் கொடுப்பது பற்றி இரண்டு பேர் மறைமுகமாகக் கேட்டிருந்தீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தாய் பக்கத்தைவிட்டு நகராமல் நின்றன. வழக்கு, ஜெயில் எல்லாம் அப்புறம். அதே கம்பியை விடியற்காலையில் உங்கள் வீட்டு ஆளோ பக்கத்துக் கொல்லைக்காரரோ தொடலாம். வேண்டாம்.

காரிமங்கலத்திலிருந்து: ஐயா, கோடை உழவுக்கு டிராக்டரை இறக்கினால் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே வந்து கத்துகிறது. என்ன செய்ய?

வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பாருங்கள். பக்கத்தில் முட்டை இருக்கும். கூடு என்று ஒன்றும் கட்டாது. கரட்டு மண்ணில் சின்னக் குழி, சுற்றிலும் கூழாங்கல்லும் ஆட்டுப் புழுக்கையும். அதில் பெரும்பாலும் நான்கு முட்டை, கூர்முனை நடுவைப் பார்த்தபடி அடுக்கின மாதிரி. மண் நிறத்தில் கரும்புள்ளி வைத்திருப்பதால் காலுக்கடியில் இருந்தாலும் தெரியாது. ஆள் கிட்டே போகப்போக ஒரு குருவி தலைக்கு மேல் பாயும், இன்னொன்று எதிர்ப்பக்கம் ஓடிக் கவனத்தை இழுக்கும். அது இழுக்கிற பக்கம் போகாமல், முதலில் எங்கிருந்து எழுந்தது என்று பாருங்கள்.

அடைகாக்கும் காலம் சுமார் நான்கு வாரம். பங்குனி, சித்திரை வெயிலில் முட்டை வெந்துவிடாமல் இருக்க, தாய் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். கொல்லையில் பம்ப்செட் தொட்டி இருந்தால் உச்சி வெயிலில் உட்கார்ந்து கவனியுங்கள், இதைக் கண்ணால் பார்க்கலாம். குஞ்சு பொரித்த சில மணி நேரத்தில் எழுந்து ஓடிவிடும், பிறகு அந்த இடத்துக்கு வேலையில்லை. ஆகவே நாலு பக்கமும் ஒரு குச்சி நட்டு, ஒரு பாய் அகலத்துக்கு உழாமல் விட்டுவிடுங்கள். முட்டையைக் கையில் எடுத்து ஓரமாக வைக்கிறேன் என்று நல்ல எண்ணத்தில் செய்யாதீர்கள். தள்ளி வைத்தால் குருவி அதைத் தன் முட்டையாக எடுத்துக்கொள்ளாமல் போகலாம்.

பென்னாகரத்திலிருந்து: கிணற்று மேட்டில் நல்லபாம்பும் சாரையும் பிணைந்து ஆடின. வெள்ளைத் துணி போட்டால் நல்லது என்கிறார்கள். உண்மையா?

அவை இரண்டுமே சாரை, அதுவும் இரண்டும் ஆண். பெண்ணுக்காகப் போடுகிற மல்லுக்கட்டு அது. ஒன்றன் தலையை மற்றது கீழே அழுத்தப் பார்க்கும், அதனால்தான் பாதி உடம்பை நிமிர்த்திப் பின்னிக்கொண்டு ஆடுவது போலத் தெரிகிறது. நல்லபாம்பு சாரையோடு சேராது. துணி உங்கள் விருப்பம், துவைத்துக்கொள்ள வேண்டியதுதான். சாரைக்கு விஷம் கிடையாது, அது வாலால் அடித்தால் உடம்பு வீங்கும் என்பதும் பொய். எலிவளைக்குள் புகுந்து பிடிக்கிற ஆள் அதுதான். கடலைக் காட்டில் அதை அடித்துவிட்டு அப்புறம் எலிமருந்து வாங்குவது கைக்காசு நஷ்டம்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: வைக்கோல் போருக்கு அடியில் குட்டிப் பாம்பு ஏழெட்டு. முட்டை ஓடு ஒன்றும் இல்லை. என்ன பாம்பு?

வைகாசிக்கும் ஆடிக்கும் நடுவில் பார்த்தீர்கள் என்றால், உடம்பில் சங்கிலி மாதிரி வரிசையாக முட்டை வடிவப் பட்டை இருந்தால், கண்ணாடி விரியன். அது முட்டை வைக்காது, குட்டி போடும், ஒரே தடவையில் இருபது முப்பது கூடப் போடும். ஏழெட்டுதான் கண்ணில் பட்டது என்றால் மிச்சம் அங்கேயே இருக்கிறது. குட்டிக்கும் பிறந்த அன்றைக்கே விஷம் உண்டு. வைக்கோலைக் கையால் அள்ளாதீர்கள், கவைக்கோலால் இழுங்கள். இரவில் டார்ச் இல்லாமல் மாட்டுக்குத் தீனி போடப் போகாதீர்கள்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108க்குப் போன் செய்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து அங்கேதான். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லை, நம் நாட்டில் கொடுக்கிற விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒன்றேதான்.

பாலக்கோட்டிலிருந்து ஒரு அக்கா: கோடை மழை பெய்த மறுநாள் குட்டையில் எலுமிச்சம்பழ நிறத்தில் தவளைகள். வேறு நாட்டுத் தவளையா? பிள்ளைகள் தொட்டால் ஆபத்தா?

நம் ஊர்ப் பெருந்தவளைதான் அக்கா, மற்ற நாளில் பச்சையும் பழுப்புமாக இருக்குமே, அதேதான். முதல் பெருமழைக்கு ஆண் மட்டும் மஞ்சளாகும், தாடையின் இரண்டு பக்கமும் நீலப் பை உப்பும். பெண்ணைக் கூப்பிடுகிற நாட்களுக்கான நிறம் அது. சில நாளில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். ஆபத்து இல்லை. அந்தக் குட்டையில் பூச்சிமருந்து டப்பாவைக் கழுவாமல் இருந்தால் போதும்.

மகள் கேட்கச் சொன்னாள் என்று ஓசூரிலிருந்து ஒருவர்: செம்மண்ணில் சிவப்பு வெல்வெட் துணி மாதிரி ஊர்ந்தது பூச்சியா?

எட்டுக் கால் எண்ணச் சொல்லுங்கள். சிலந்திக்குச் சொந்தம், பூச்சி இல்லை. மழை ஈரத்தில் ஈசல் கிளம்பும் நாட்களில் அதுவும் மேலே வரும், ஈசலைத் தின்னும், முட்டை வைக்க மறுபடி மண்ணுக்குள் போய்விடும். வருசத்தில் மிச்ச நாளெல்லாம் மண்ணுக்கடியில்தான். டப்பாவில் போட்டு அடைக்க வேண்டாம் என்று மகளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

பர்கூர் மாந்தோப்பிலிருந்து: தை மாதம் மரம் முழுக்கப் பூ. காய் மட்டும் பிடிக்கவில்லை. தேனீயே காணோம், அதனாலா?

தேனீ ஒரு பங்குதான். மாம்பூவுக்கு முக்கிய வேலைக்காரர்கள் ஈக்கள், சின்னச்சின்ன வண்டுகள், கொசுவைவிடக் கொஞ்சம் பெரிய தேனீக்கள். காலை வெயில் ஏறும் நேரம் ஒரு பூங்கொத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, கொஞ்ச நேரம் அசையாமல் நில்லுங்கள். வரிவரியாக உடம்பு கொண்டு, ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கிற ஈ வருகிறதா என்று பாருங்கள். பச்சை ஈ, நீல ஈ வருகிறதா பாருங்கள். நம் வீட்டில் துரத்துகிற ஈ தோப்பில் சம்பளமில்லாத கூலியாள்.

ஒரு கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ இருந்தாலும் பெரும்பகுதி ஆண் பூ. அது உதிரத்தான் செய்யும். கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே நல்ல மகசூல். ஆனால் உங்கள் தோப்பில் இலை பிசுபிசுத்துக் கரி பூசினது போல் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது சாறு உறிஞ்சுகிற தத்துப்பூச்சியின் வேலை. அதற்கு மருந்து என்றால் பூங்கொத்து தலைகாட்டும்போதே அடித்திருக்க வேண்டும். பூ மலர்ந்து நிற்கும்போது அடித்தால் தத்துப்பூச்சியோடு ஈயும் தேனீயும் சேர்ந்து போகும். கடைக்காரர் சொல்கிறார் என்று பூவிலே அடிப்பது இந்தப் பக்கம் வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை.

அரூர் டீச்சர் ஒருவர்: ஐப்பசியில் பள்ளித் தாழ்வாரத்தில் ஒரு குருவி மயங்கிக் கிடந்தது. பச்சை முதுகு, நீலத் தோள், வாலுக்கடியில் சிவப்பு. காலையும் மாலையும் அதே குரல் இப்போது தோப்பில் கேட்கிறது.

ஆறுமணிக்குருவி, டீச்சர். இமயமலை அடிவாரம், மத்திய இந்தியா பக்கமெல்லாம் குஞ்சு பொரித்துவிட்டு, மழைக்காலம் முடிந்து இங்கே வரும். இரவில் பறந்து வருவதால் களைத்துப்போய்ச் சுவரில், கண்ணாடியில் மோதி விழும். இந்த மாதங்களில் இப்படிக் கிடப்பது சகஜம். அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, இருட்டாக, சத்தம் இல்லாத இடத்தில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். தெளிந்ததும் புதர் ஓரமாகத் திறந்துவிட்டால் போதும். குளிர்காலம் முழுக்க உங்கள் தோப்புச் சருகைக் கிளறிப் புழு தின்னும். சித்திரை வாக்கில் குரல் நின்றுவிட்டால் தேட வேண்டாம், வடக்கே கிளம்பியிருக்கும். குரல் முதலில் கேட்ட நாளையும் கடைசியாகக் கேட்ட நாளையும் பிள்ளைகளை வைத்துக் கரும்பலகை ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இராயக்கோட்டைச் சாலையில் தினமும் போகிறவர்: மழை விட்ட வெயிலில் நூற்றுக்கணக்கில் வண்ணத்துப்பூச்சி ஒரே திசையில் போகிறது. எங்கே?

ஐப்பசி, கார்த்திகை என்றால் மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு. கோடையில் தென்மேற்கு மழைக்கு முன்னால் எதிர்த்திசையில் வரும். கருப்பில் வெளிர்நீலக் கோடு போட்டவையும், கரும்பழுப்பில் ஓரம் வெள்ளைப் புள்ளி வைத்தவையும்தான் பெரும்பாலும். வழியில் எங்காவது கிலுகிலுப்பைச் செடி இருந்தால் ஆண்கள் கொத்தாக மொய்த்துச் சாறு உறிஞ்சும். வரப்போரம் அந்தச் செடியை விட்டுவையுங்கள். பைக்கில் போகிறவர் என்றால் கொஞ்சம் மெதுவாகப் போங்கள்.

காவேரிப்பட்டணம்: கிணற்றுமேல் ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவி பாதி கட்டி விட்டுவிடுகிறது. யாராவது கண் வைத்தார்களா?

பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டது, அவ்வளவுதான். கட்டுவது ஆண். தலைக்கவசம் கவிழ்த்த மாதிரி பாதி ஆனதும் பெண் வந்து உள்ளே புகுந்து பார்க்கும். பிடித்தால்தான் ஆண் மேற்கொண்டு நீளக் குழாயைக் கட்டும். பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு வேறொன்று ஆரம்பிக்கும்.

பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து: சுடலைக்குயில் கத்தினால் மழை, விதைக்கலாம் என்பார் தாத்தா. நம்பலாமா?

வடநாட்டில் அது தென்மேற்கு மழையோடு சேர்ந்து வருகிற விருந்தாளி, அதனால் அங்கே அந்தப் பேச்சுக்குப் பொருள் உண்டு. நம் பக்கம் வருசம் முழுக்க இருக்கிறதும் உண்டு. தவிட்டுக்குருவி கூடு கட்டுகிற சமயம் பார்த்து இது கத்த ஆரம்பிக்கும். அந்தக் கூட்டில்தான் தன் முட்டையைப் போட வேண்டும், இரண்டு முட்டையும் நீல நிறம் என்பதால் தவிட்டுக்குருவிக்கு வித்தியாசம் தெரியாது. தாத்தா சொன்னது முழுப் பொய்யில்லை. ஆனால் விதையைக் கையில் எடுக்கும் முன் கொல்லையில் ஒரு சாண் தோண்டிப் பாருங்கள். அந்த ஆழத்து மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். நின்றால் சாமையோ ராகியோ போடலாம்.