பன்னிரண்டு வருட அனுபவம் இருந்தும் வேல்யூயர் ஆக முடியாதா?

கேள்வி: மஞ்சக்குப்பத்தில் ஒரு வேல்யூயரிடம் (சொத்து மதிப்பீட்டாளர்) 2013 முதல் வேலை பார்க்கிறேன். சிவில் டிப்ளமோ முடித்தவன். பகுதிநேரமாக பி.இ. சிவில் படித்து 2022 மே மாதம் தேறினேன். புதுச்சேரியில் சொந்தமாக ஆபீஸ் போட ஆசை. என் அனுபவம் லைசென்ஸுக்குப் போதாதா? அங்கே தனி அனுமதி வேண்டுமா? ஐயா ஊரில் இல்லாதபோது அவர் சொல்லி, அவர் பெயரில் நானே கையெழுத்துப் போட்டுச் சில ரிப்போர்ட்களை வங்கிக்கு அனுப்பியிருக்கிறேன். அதனால் பிரச்னை வருமா?
– கடலூர் வாசகர்

பதில்: கடைசியாகக் கேட்டதுதான் அவசரம். அந்தக் கையெழுத்தை இன்றோடு நிறுத்துங்கள். அவரே அளந்து, அவரே மதிப்புப் போட்டார் என்று நம்பித்தான் வங்கி கடன் கொடுக்கிறது. நாளை அது வாராக்கடனாகி, "எனக்குத் தெரியாது, பையன் போட்டது" என்று அவர் கைவிரித்தால்? 2024 ஜூலைக்கு முந்தையது என்றால் இந்திய தண்டனைச் சட்டம், பிந்தையது என்றால் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 336. இரண்டிலும் பொய்யாவணப் புகாரில் உங்கள் பெயர்தான் நிற்கும். "நீயே போட்டு அனுப்பிடு" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அழிக்காதீர்கள். எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலை நேரில் பாருங்கள். கோபத்தில் அவருக்கு எதுவும் எழுதிவிட வேண்டாம்.

சரி, லைசென்ஸ். கம்பெனிகள் சட்டம் பிரிவு 247, 2017ஆம் ஆண்டு விதிகள் ஆகியவற்றின்படி பதிவு தருவது திவால் வாரியமான ஐ.பி.பி.ஐ. நிலம், கட்டடத்துக்கு சிவில், ஆர்க்கிடெக்சர், டவுன் பிளானிங் ஆகியவற்றில் ஒரு பட்டமும், பட்டத்துக்குப் பிறகு 5 வருட அனுபவமும் வேண்டும். கூத்தப்பாக்கத்தில் டேப் பிடித்து அளந்த டிப்ளமோ காலம் இதில் வராது. வருத்தம்தான், ஆனால் உங்கள் கணக்கு 2022 மே மாதத்தில்தான் தொடங்குகிறது. 2027 மே வரை பொறுக்க வேண்டும்.

அப்புறம் அங்கீகரிக்கப்பட்ட வேல்யூயர் அமைப்பு ஒன்றில் உறுப்பினராகி, 50 மணி நேர வகுப்பு முடித்து, தேர்வு எழுத வேண்டும். 100க்கு 60 எடுத்தால் பாஸ். தப்பான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் கழியும், குருட்டாம்போக்கில் டிக் அடிக்காதீர்கள். பாஸ் செய்த 3 வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

இது மத்தியச் சட்டம் என்பதால் புதுச்சேரிக்குத் தனி லைசென்ஸ் கிடையாது. ஆனால் வங்கி வேலையை மட்டும் நம்பி அங்கே வாடகைக்கு இடம் பிடிக்காதீர்கள். கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி விற்கும் சர்ஃபேசி ஏலத்துக்கு மதிப்பிட, 2002ஆம் ஆண்டு விதிகள் கேட்பது ஐ.பி.பி.ஐ. பதிவை அல்ல, செல்வ வரிச் சட்டம் பிரிவு 34ஏபி பதிவை. செல்வ வரியே போய்விட்டது, பதிவு மட்டும் நிற்கிறது! அதற்குமேல் அந்த வங்கியின் பேனலிலும் (வங்கி அங்கீகரித்த வேல்யூயர் பட்டியல்) இடம் கிடைக்க வேண்டும்.

இப்போதைக்கு உங்கள் ஐயாவிடம் அனுபவக் கடிதம் கேளுங்கள். "2013 முதல் பணிபுரிகிறார்" என்ற ஒற்றை வரி உதவாது. பட்டம் பெற்ற பிறகு எந்தத் தேதியிலிருந்து என்ன வேலை பார்த்தீர்கள் என்று அதில் தனியாக இருக்க வேண்டும்.