தூளி ஆடினால்தான் தூங்குகிறாள், நான் எப்போது தூங்குவது?

கேள்வி: என் மகளுக்கு 8 மாதம் முடிந்துவிட்டது. தாய்ப்பாலோடு இட்லி, பருப்புச் சாதம், ராகிக் கூழ் கொடுக்கிறோம். எடை சரியாக இருப்பதாகத் தடுப்பூசி போடப் போனபோது சொன்னார்கள். ஆனால் தூளியில் போட்டு ஆட்டினால்தான் தூங்குவாள். இரவு பத்தரைக்குத் தூங்கி, ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை அழுதுகொண்டே எழுகிறாள். திரும்ப ஆட்ட வேண்டும், இல்லாவிட்டால் பால் கொடுக்க வேண்டும். பால் பத்தவில்லை, படுக்கும்முன் கெட்டியாகக் கூழ் கொடு என்கிறார் மாமியார். சளி மருந்து அரை ஸ்பூன் கொடுத்தால் அடங்கித் தூங்கும் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். என்ன செய்வது? – வாசகி, திருப்பூர்.

பதில்: முதலில் அந்தச் சளி மருந்து வேண்டவே வேண்டாம். தூக்கம் வரவைக்கும் சளி, அலர்ஜி சிரப்புகள் கைக்குழந்தைகளின் மூச்சையே மந்தமாக்கிவிடக்கூடியவை. அவற்றில் ஒன்றான புரோமெதசினை 2 வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லேயே எச்சரித்துவிட்டது. நம்மூரில் சீட்டு இல்லாமல் கேட்டாலும் மெடிக்கலில் எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு இதை முதலில் சொல்கிறேன்.

அடுத்தது பால். எடை சரியாக ஏறுகிறது என்றால் பால் போதுகிறது என்றுதான் அர்த்தம். பகலில் நன்றாகச் சாப்பிடும் 8 மாதக் குழந்தைக்கு இரவில் ஒருமுறை பசிக்கலாம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பசிக்காது. படுக்கும்முன் கெட்டிக் கூழ் கொடுத்தால் நீண்ட நேரம் தூங்கும் என்பது பாட்டிமார் காலத்து நம்பிக்கை. கூழ் நல்ல உணவு, மாலை ஆறு, ஆறரைக்கே கொடுத்துவிடுங்கள். தூக்க மருந்தாக மட்டும் அதை நினைக்க வேண்டாம்.

பிறகு ஏன் எழுகிறாள்? எல்லாக் குழந்தைகளும் எழத்தான் செய்கின்றன. தூக்கம் ஒரே நீட்டாகப் போவதில்லை. ஆழ்ந்த தூக்கமும் மேலோட்டமான தூக்கமும் மாறி மாறி வரும், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிப்புத் தட்டும். நாமும் அப்படித்தான், புரண்டு படுத்துவிடுகிறோம், காலையில் நினைவிருக்காது. உங்கள் மகளுக்கு விழிப்புத் தட்டும்போது தூளி நின்றிருக்கிறது. ஓடும் ரயிலில் அயர்ந்தவருக்கு ரயில் நின்றதும் விழிப்பு வந்துவிடுமே, அந்த மாதிரி. எந்த நிலையில் தூங்கினாளோ அதே நிலையைத் திரும்பக் கேட்கிறாள். ஆகவே நள்ளிரவு 2 மணி அழுகைக்கான வைத்தியம் 2 மணிக்கு இல்லை, அவள் முதன்முதலில் கண்ணயரும் நேரத்தில் இருக்கிறது.

எதிர்பார்ப்பையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 1957-இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு பழைய ஆய்வு, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தொந்தரவு செய்யாமல் இருந்தாலே ராத்திரி தூங்கப் பழகிய குழந்தை என்று கணக்கு வைத்தது. வெறும் ஐந்து மணி நேரம்! கனடாவில் 2018-இல் வெளியான ஆய்வில் 6 மாதக் குழந்தைகளில் பத்துக்கு நான்கு பேர் தொடர்ந்து 6 மணி நேரம் தூங்கவில்லை. ஒரு வயதிலும் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அப்படியே இருந்தார்கள். அவர்கள் வளர்ச்சியில் குறை ஏதும் தெரியவில்லை. ‘எங்க வீட்டுல மூணு மாசத்துலயே விடியவிடியத் தூங்குவான்’ என்று சொல்லும் உறவினர்களைப் புன்னகையோடு கடந்துவிடலாம்.

இனி செய்ய வேண்டியது. பத்தரை மணி ரொம்பத் தாமதம். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவை. நேரம் தாண்டிய குழந்தை களைத்துப்போய்ச் சீக்கிரம் தூங்கும் என்று நினைக்கிறோம், அது நடப்பதில்லை. முறுக்கிக்கொண்டு அழும், தூங்கினாலும் அடிக்கடி எழும். நம் வீடுகளில் சிக்கல் எங்கே வருகிறது என்று எனக்குத் தெரியும். அப்பா கம்பெனியிலிருந்து ஒன்பது மணிக்கு மேல்தான் வருவார், வந்ததும் குழந்தையைத் தூக்கிப் போட்டு விளையாடுவார், கூடத்தில் சீரியல் ஓடிக்கொண்டிருக்கும். அப்பாவுக்கான விளையாட்டு நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். படுக்கும் நேரத்தை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரம் முன்னே கொண்டுவந்து, எட்டு, எட்டரையில் நிறுத்துங்கள். மாலைத் தூக்கம் ஐந்து மணியைத் தாண்டக் கூடாது. காலையில் ஒரே நேரத்தில் எழுப்பி வாசலில் வெளிச்சம் காட்டுங்கள். இரவு பகல் கணக்கு மூளையில் பதிய அதைவிட நல்ல வழி இல்லை.

படுக்கும்முன் தினமும் ஒரே வரிசையில் செய்யுங்கள். வெதுவெதுப்பான நீரில் உடம்பு துடைத்து, பருத்திச் சட்டை மாற்றி, பால் கொடுத்து, பிறகு விளக்கை அணைத்து ஒரு தாலாட்டு. பால் குடித்துக்கொண்டே தூங்கிவிடாமல், பாலுக்கும் தூக்கத்துக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

தூளியை ஒரே நாளில் கழற்றச் சொல்லமாட்டேன். முதல் மூன்று நான்கு இரவு வழக்கம்போல ஆட்டுங்கள். கண் சொருகும்போது நிறுத்திவிடுங்கள், அவள் தூங்கும் கணத்தில் தூளி அசையாமல் இருக்க வேண்டும். அடுத்த சில இரவுகள் பாயில் படுக்கவைத்துத் தட்டிக்கொடுங்கள். அதற்கடுத்து, தட்டாமல் கையை மட்டும் வைத்திருங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். இரவில் எழுந்தாலும் அன்றைக்கு எந்தப் படியில் இருக்கிறீர்களோ அதேதான். உடனே ஓடாமல் ஓரிரு நிமிடம் பொறுங்கள், சில சமயம் முனகிவிட்டுத் தானே தூங்கிவிடுவாள். டியூப்லைட் வேண்டாம், சீரோ வாட்ஸ் பல்பு போதும். பேச்சும் வேண்டாம். ஒருமுறை பால் வேண்டுமென்றால் கொடுங்கள், அதில் தவறே இல்லை.

அறையை மூடிவிட்டு அழவிடும் முறை மேலைநாடுகளில் உண்டு. இடைவெளி விட்டுவிட்டுப் போய்ப் பார்க்கும் முறையால் கெடுதல் இல்லை என்று ஆஸ்திரேலியாவில் குழந்தைகளை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு சொல்கிறது. ஆனால் ஒரே அறையில் படுக்கும், மாமியார் மாமனார் இருக்கும் வீட்டில் அது நடக்காது, அவசியமும் இல்லை. படிப்படியாகப் போவதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகும், அவ்வளவுதான். இரண்டாம் மூன்றாம் இரவில் அழுகை கூடும். அந்த நேரத்தில் அத்தை மனம் கேட்காமல் தூளியில் போட்டு ஆட்டிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதனால் தொடங்குவதற்கு முன்பே வீட்டில் எல்லோரிடமும் பேசிவிடுங்கள். இந்தப் பதிலை அவரிடம் வாசித்துக் காட்டினாலும் சரி. முடிந்தால் சில இரவுகள் உங்கள் கணவர் எழட்டும். பால் வாசனை இல்லாத கையில் குழந்தைகள் சீக்கிரம் அடங்குவதை அடிக்கடி பார்க்கிறேன்.

தூளியை விடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. குழைந்த சேலைக்குள் கழுத்து மடங்கித் தாடை மார்பில் படியும், துணி முகத்தை மூடும். இந்த வயதில் எழுந்து உட்காரவும் எம்பவும் தொடங்குவதால் தலைகுப்புற விழவும் கூடும். உங்களுக்குப் பக்கத்திலேயே, கெட்டியான சமமான தனிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். கொசுவலையை விளிம்பில் நன்றாகச் செருகிவிடுங்கள்.

தினமும் குறட்டை விட்டாலோ, மூச்சு விட்டுவிட்டு வந்தாலோ, காய்ச்சலோடு காதைப் பிடித்து அழுதாலோ, முகம் வெளுத்திருந்தாலோ இதையெல்லாம் முயற்சி செய்துகொண்டிருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். இரும்புச்சத்துக் குறைவுகூடத் தூக்கத்தைக் கெடுக்கும். தூங்கி எழும் நேரத்தில் தலை முன்னால் குத்தி, கைகள் விரிந்து, அடுக்கடுக்காக வெட்டினால் அன்றைக்கே காட்டுங்கள், செல்போனில் வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம்.

வேலைக்குச் சேரும் வாரத்தில் இதைத் தொடங்காதீர்கள். இன்றே தொடங்குங்கள், அல்லது சேர்ந்து இரண்டு வாரம் கழித்துப் பார்க்கலாம். பகலில் உங்களைப் பிரிந்திருக்கும் குழந்தை கொஞ்ச நாள் இரவில் அதிகம் பால் கேட்கும், அதை மறுக்க வேண்டாம். பகல் தூக்கத்துக்கு அத்தை இப்போதைக்குத் தூளியையே கட்டிக்கொள்ளட்டும், பக்கத்தில் ஆள் இருந்தால் சரி. இரவு சரியான பிறகு பகலுக்கு வரலாம்.