ஆறு கோர் போதுமா?

அன்புள்ள ஐயா,

கணினி பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். எட்டு ஆண்டுகள் உழைத்த என் பழைய மேசைக் கணினிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, கேம் விளையாடுவதற்கென்றே புதிதாக ஒன்றைச் சேர்க்க நினைக்கிறேன். 2560 × 1440 தெளிவும் 144 ஹெர்ட்ஸ் வேகமும் கொண்ட மானிட்டரை முதலிலேயே வாங்கிவிட்டேன். மிச்சமிருக்கும் தொகையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டு வழிகள் தெரிகின்றன. ரைசன் 5 7600 பிராசஸருடன் ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு என்பது ஒன்று. ரைசன் 7 7800எக்ஸ்3டி பிராசஸருடன் ஆர்டிஎக்ஸ் 4060 டிஐ கார்டு என்பது மற்றொன்று. இரண்டும் ஏறத்தாழ ஒரே செலவில் முடிகின்றன.

நான் பார்த்த ஒப்பீட்டுக் காணொளிகள் எல்லாவற்றிலும் 7800எக்ஸ்3டி வெகுதூரம் முன்னால் நிற்கிறது. “கார்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், பிராசஸர்தான் அஸ்திவாரம்” என்கிறார் ஒரு நண்பர். 7600இல் இருக்கும் ஆறு கோர் (பிராசஸருக்குள் கணக்கிடும் தனி அலகு) இரண்டே ஆண்டில் திணறிவிடும், 24 கோர் உள்ள இன்டெல்லின் ‘கோர் ஐ9’ வாங்கு என்கிறார் இன்னொருவர். நான் பெரும்பாலும் கதை சார்ந்த பெரிய கேம்களை, காட்சித் தரத்தை உயர்த்திவைத்து விளையாடுபவன். விடுமுறை நாட்களில் கொஞ்சம் கவுன்டர்-ஸ்டிரைக் 2 உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது?

ர.

அன்புள்ள ர.,

முதலில் ஒரு சொல் பற்றி. பிராசஸருக்குச் ‘செயலி’ என்ற நல்ல சொல் நம்மிடம் இருந்தது. கைபேசியில் நிறுவும் ஆப்களுக்கு அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டோம். குழப்பம் வேண்டாமென்று நானும் உங்களைப் போலவே பிராசஸர் என்றே எழுதுகிறேன்.

உங்களுக்கு முதல் வழிதான் சரி என்பது என் கருத்து. ஆனால், அந்தக் காணொளிகள் பொய் சொல்லவில்லை. அவை வேறொரு கேள்விக்குப் பதில் சொல்கின்றன.

உங்கள் திரை விநாடிக்கு 144 முறை புதுப்பிக்கப்படுகிறது என்றால், ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் தோன்றும் ஒரு முழுப் படத்துக்கு, கிடைக்கும் நேரம் ஏறக்குறைய 6.9 மில்லி விநாடி. அதற்குள் நடப்பதைச் சற்று அருகே சென்று பார்ப்போம். நீங்கள் மவுஸை அசைத்ததைப் பிராசஸர் வாசிக்கிறது. எதிரி எந்தப் பக்கம் நகர வேண்டும், எறிந்த குண்டு எந்தச் சுவரில் மோதும், தெருவில் போகிற முப்பது பேரில் யார் யார் உங்கள் பார்வைக்குள் வருகிறார்கள் என்றெல்லாம் கணக்கிடுகிறது. கடைசியாக, இதையிதை இந்த இடத்தில் வரை என்று ஒரு நீண்ட பட்டியலைத் தயாரித்துக் கிராபிக்ஸ் கார்டிடம் கொடுக்கிறது. கார்டு அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கண்டுபிடிக்கிறது. கார்டு ஒரு ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசஸர் அடுத்ததற்கான பட்டியலில் இறங்கிவிடும். ஆகவே இரண்டில் எது மெதுவாக வேலை செய்கிறதோ, அதன் வேகமே உங்கள் கேமின் வேகம்.

1920 × 1080 திரையில் ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். உங்கள் திரையில் 36.9 லட்சம், 4கே திரையில் 82.9 லட்சம். திரை பெரிதாகப் பெரிதாகக் கார்டின் சுமை ஏறுகிறது, பிராசஸரின் பட்டியலோ பெரிதாக மாறுவதில்லை. அதே முப்பது பேர், அதே எதிரி, அதே சுவர். பிராசஸர்களை ஒப்பிடுபவர்கள் வேண்டுமென்றே 1080 தெளிவில், சந்தையிலேயே வலுவான கார்டைப் போட்டுச் சோதிப்பதற்கு இதுவே காரணம்: கார்டு தடையாக இல்லாதபோதுதான் பிராசஸர்களுக்கு இடையிலான வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். சோதனை முறையாக அது மிகவும் நியாயமானது. ஆனால் ஆர்டிஎக்ஸ் 4090 போட்டு 1080இல் எடுத்த பட்டை வரைபடத்தைப் பார்த்துவிட்டு, 4060 டிஐ போட்ட 1440 கணினியிலும் அதே இடைவெளி கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். உங்களைப் போலக் காட்சித் தரத்தை உயர்த்திவைத்தால், பெரிய கேம்கள் பெரும்பாலானவற்றில் 4060 டிஐதான் முதலில் மூச்சு வாங்கும்; அதன் பின்னால் 7600 இருந்தாலும் 7800எக்ஸ்3டி இருந்தாலும் ஃபிரேம் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே நிற்கும். 4060 டிஐயில் 4,352 கூடா கோர்களும் (கார்டுக்குள் கணக்கிடும் சிறு அலகுகள்) 128 பிட் நினைவகப் பாதையும் உள்ளன. 4070இல் 5,888 கோர்களும் 192 பிட் பாதையும் 12 ஜிபி நினைவகமும் உள்ளன. நீங்கள் நாள்தோறும் உணரப்போவது இந்த வேறுபாட்டைத்தான்.

இனி, 7800எக்ஸ்3டி ஏன் விலை உயர்ந்தது என்ற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் இரண்டாவது நண்பர் தவறும் இடமும் இதுதான். விலை ஏற ஏறக் கோர் கூடும், கோர் கூடக் கூடக் கேம் வேகமாகும் என்று ஓர் ஏணியை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார் அவர். அப்படி ஓர் ஏணி கிடையாது. கோர் ஐ9-14900கே பிராசஸரில் 24 கோர் இருப்பது உண்மை. ஆனால் அவற்றில் வேகமானவை 8 மட்டுமே, மற்ற 16 மின்சாரச் சிக்கனத்துக்கான சிறிய கோர்கள். காணொளி தொகுப்பதற்கும் முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்வதற்கும் அவை அருமையாக உதவும். ஒரு கேமிலோ, வேலையை 24 பேருக்குப் பிரித்துக் கொடுப்பது எளிதல்ல. எதிரி எங்கே நிற்கிறான் என்று தெரிந்த பிறகுதான் குண்டு பட்டதா என்று கணக்கிட முடியும்; ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியதைப் பக்கம் பக்கமாக வைத்துச் செய்ய இயலாது. அந்த ஐ9 முழுவீச்சில் 253 வாட் வரை இழுக்கும். 7800எக்ஸ்3டி எட்டே கோர்களை வைத்துக்கொண்டு, கேம்களில் தன் 120 வாட் மதிப்பீட்டைத் தொடுவதே அபூர்வம் என்ற நிலையில், பல கேம்களில் அதை முந்துகிறது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறைப் பிராசஸர்கள் சில நிலைகுலைந்துபோன விவகாரத்தில், 2024இல் அந்நிறுவனமே வாரன்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டிக்க நேர்ந்ததையும் உங்கள் நண்பரிடம் சொல்லிவையுங்கள்.

எக்ஸ்3டியின் ரகசியம் கேஷ். (பணம் அல்ல, அதுவும் தேவைப்படும் என்றாலும்.) பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, மிக வேகமான நினைவகம் இது. 7600இல் மூன்றாம் நிலைக் கேஷ் 32 எம்பி. 7800எக்ஸ்3டியில், கோர்கள் உள்ள சில்லின் மேல் இன்னொரு சில்லை அடுக்கி அதை 96 எம்பி ஆக்கியிருக்கிறார்கள். தேவையான தகவல் கேஷில் இருந்தால் 10 நானோ விநாடி அளவில் கைக்கு வந்துவிடும். இல்லையென்றால் ராம் வரை போய்வர வேண்டும், அதற்கு 70, 80 நானோ விநாடி ஆகும். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் ஒரு கோருக்கு 80 நானோ விநாடி என்பது 400 துடிப்புகள். அத்தனை துடிப்புகளையும் கையைக் கட்டிக்கொண்டு கழிக்கும் கோருக்கு, அதன் வேகம் 5 கிகாஹெர்ட்ஸா 5.5 கிகாஹெர்ட்ஸா என்பது பெரிய பொருட்டே அல்ல. கேம்களில் ஆயிரக்கணக்கான பொருட்களின் நிலையை ஒவ்வொரு ஃபிரேமிலும் புரட்டிப் பார்க்க வேண்டியிருப்பதால், பெரிய கேஷ் இந்தக் காத்திருப்பைக் குறைத்துவிடுகிறது. ஃபேக்டோரியோ போல ஆலைகளும் கன்வேயர் பட்டைகளும் பெருகிக்கொண்டே போகும் கேம்களிலும், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரிலும், போட்டி வேகத்தில் ஆடப்படும் சுடும் கேம்களிலும் இதன் பலன் வெளிப்படையாகவே தெரியும். நீங்கள் 1080 திரையில், காட்சித் தரத்தைத் தாழ்த்திவைத்து, 240 ஹெர்ட்ஸுக்கு மேல் கவுன்டர்-ஸ்டிரைக் மட்டுமே ஆடுபவராக இருந்திருந்தால், இதே கடிதத்துக்கு நேர்மாறான பதிலை எழுதியிருப்பேன்.

என் பதிலின் பலவீனமான இடத்தையும் சொல்லிவிடுகிறேன். டிஎல்எஸ்எஸ் போன்ற வசதிகளை இயக்கினால், கார்டு குறைந்த தெளிவில் வரைந்துவிட்டுப் பிறகு பெரிதாக்கிக் காட்டுகிறது. உங்கள் 1440 திரையில் அதன் ‘குவாலிட்டி’ நிலையில் உண்மையில் வரையப்படுவது 1707 × 960, அதாவது சுமார் 16.4 லட்சம் புள்ளிகள். முழு 1080ஐவிடவும் குறைவு. கார்டின் சுமை இப்படி இறங்கும்போது பிராசஸரின் வரம்பு மீண்டும் தலைகாட்டும். ஒளி பாயும் வழியைக் கணக்கிட்டுக் காட்சியை வரையும் ரே டிரேசிங்கும் பிராசஸரின் வேலையைக் கூட்டக்கூடியது. பால்டர்ஸ் கேட் 3இன் மூன்றாம் பகுதியில் வரும் நெரிசலான நகரத்துக்குள் நுழைந்தவர்களுக்கு, நல்ல கார்டு இருந்தும் ஃபிரேம் எண்ணிக்கை சரிவது எப்படி இருக்கும் என்று தெரியும். அங்கே 7600ஐவிட எக்ஸ்3டி நிச்சயம் மேல். சராசரியைவிட, திடீர் திடீரென்று வரும் தடங்கல்களைக் குறைப்பதில் அது கூடுதலாக உதவும். ஆனால் அந்தச் சில இடங்களுக்காக, மற்ற எல்லா இடங்களிலும் சிறிய கார்டோடு காலம் தள்ளுவது நல்ல பேரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

“பிராசஸர்தான் அஸ்திவாரம்” என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அஸ்திவாரம் என்று ஒன்றைச் சொல்வதாக இருந்தால் அது மதர்போர்டும், பிராசஸரைப் பொருத்தும் அதன் சாக்கெட்டும்தான். 2017இல் ஏஎம்4 சாக்கெட் கொண்ட போர்டு வாங்கியவர்களில் பலர், ஒரு பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்புக்குப் பிறகு, 2022இல் வெளிவந்த 5800எக்ஸ்3டியை அதே போர்டில் பொருத்திக்கொண்டார்கள். உங்கள் இரண்டு தேர்வுகளும் ஏஎம்5 சாக்கெட்டைச் சேர்ந்தவை. நவம்பர் 2024இல் வந்த 9800எக்ஸ்3டியும் அதே சாக்கெட்தான். 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் அதைத் தொடரப்போவதாக, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி அறிவித்திருக்கிறது. ஆக, இன்று 7600ஐ வாங்கிவிட்டு, உண்மையிலேயே போதவில்லை என்று தெரிகிற நாளில் பிராசஸரை மட்டும் கழற்றி மாற்றலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளக்கூடியது கார்டு மட்டுமல்ல.

ஆறு கோர் திணறும் என்ற அச்சம் பற்றிச் சுருக்கமாக. பெரிய கேம்கள் பெரும்பாலும் பிளேஸ்டேஷன் 5ஐயும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸையும் மனத்தில் வைத்து உருவாக்கப்படுகின்றன. 2020இல் வந்த அந்த இரண்டிலும் ஜென் 2 வகைக் கோர்கள் எட்டு உண்டு. பிளேஸ்டேஷனில் அவை அதிகபட்சம் 3.5 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. 7600இல் இருப்பவை இரண்டு தலைமுறை புதிய ஜென் 4 கோர்கள், 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை எட்டக்கூடியவை. எண்ணிக்கையில் இரண்டு குறைந்தாலும் மொத்த உழைப்பில் குறைவில்லை. விளையாடிக்கொண்டே அதைப் பிராசஸரின் துணையால் பதிவுசெய்து நேரலையில் ஒளிபரப்பும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் எட்டு கோர் உதவும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

மலிவு என்பதற்காக எதையும் வாங்கிவிடக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெயரில் ஓர் இலக்கம் மாறினால் உள்ளே நிறைய மாறிவிடும். ரைசன் 5 5600இல் 32 எம்பி கேஷ். பெயரளவில் தம்பியான 5500இல் அதில் பாதி, 16 எம்பிதான், கார்டுக்கான பாதையும் ஒரு தலைமுறை பழையது. இரண்டுக்கும் ஆறு கோர்தான் என்பதால் விளம்பரத்தில் வேறுபாடு தெரியாது. 7600உடன் குளிர்விப்பான் பெட்டிக்குள்ளேயே வருகிறது, 7800எக்ஸ்3டியுடன் வருவதில்லை என்பதையும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பழைய கணினியை விற்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் அதிகம் ஆடும் கேமில் கூட்டம் நிறைந்த ஓர் இடத்தில் நின்றுகொண்டு, ஃபிரேம் எண்ணிக்கையைத் திரை மூலையில் காட்டச் செய்து, தெளிவைப் படிப்படியாகக் குறையுங்கள். எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறினால் கார்டுதான் தடை. தெளிவை எவ்வளவு தாழ்த்தினாலும் எண்ணிக்கை அசையாமல் அதே இடத்தில் நின்றால் அந்தக் கேமில் பிராசஸர்தான் தடை. பிராசஸர் பயன்பாடு 30 சதவீதம் என்று டாஸ்க் மேனேஜர் காட்டுவதை நம்பிவிடாதீர்கள். 12 திரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலைச்சரம்) உள்ள ஒரு பிராசஸரில் ஒரே ஒரு திரெட் முழுமூச்சாக ஓடினால் அது மொத்தத்தில் எட்டு சதவீதமாகத்தான் தெரியும். கேம் முழுவதும் அந்த ஒரு திரெட்டுக்காகக் காத்திருக்கலாம்.

என் அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஆசையாக விலை உயர்ந்த பிராசஸர் ஒன்றை வாங்கி, 6000 வேகம் எழுதியிருந்த டிடிஆர்5 ராமைப் பொருத்தி, பல மாதங்கள் பெருமையோடு பயன்படுத்திவந்தேன். ஒரு நாள் வேறு வேலையாகப் பயாஸுக்குள் போனபோதுதான், ராம் இத்தனை நாளும் 4800இல் ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது. எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கினால்தான் எழுதியிருக்கும் வேகம் கிடைக்கும், நான் இயக்கவில்லை. கூடுதலாகக் கொடுத்த தொகையில் ஒரு பகுதியை என் சோம்பலே விழுங்கியிருந்தது.

ஆகவே கணினி வந்து சேர்ந்த அன்றே எக்ஸ்போவை இயக்குங்கள். ராமை ஒரே துண்டாக வாங்காமல் இரண்டாக வாங்குங்கள். விண்டோஸில் திரையின் வேகம் 60இலேயே நிற்காமல் 144 ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். மானிட்டரின் கேபிளை மதர்போர்டில் செருகாமல், கீழே இருக்கும் கார்டில் செருகுங்கள். 7600இல் சிறிய கிராபிக்ஸ் வசதி ஒன்று உள்ளேயே இருப்பதால், தவறான இடத்தில் செருகினாலும் படம் வரும். விண்டோஸும் ஒன்றும் சொல்லாது. கேமைத் திறந்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று தெரியும்.