அடகுச் சீட்டிலிருந்து தொடங்குங்கள்

வாசகர் கேள்வி பதில்: வீட்டுக் கணக்கு

கேள்வி: டிசம்பர் முடியப்போகிறது. வருஷம் முழுக்கச் செலவு எதையும் எழுதி வைக்கவில்லை. இனிமேல் கணக்குப் பார்க்க முடியுமா? எங்கே ஆரம்பிப்பது?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: செலவிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பன்னிரண்டு மாதக் காய்கறிக் கணக்கு இனி நினைவுக்கு வராது. இரண்டாம் நாளே நோட்டை மூடிவிடுவீர்கள். கடனிலிருந்து ஆரம்பியுங்கள். அதற்குத்தான் சீட்டு இருக்கிறது.

பீரோவில் கிடக்கும் அடகுச் சீட்டு, கூட்டுறவுச் சங்கப் பாஸ்புத்தகம், குழுக் கடன் அட்டை, வாய்ச்சொல்லில் வாங்கிய கைமாற்று எல்லாவற்றையும் ஒரே தாளில் இறக்குங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு விவரம் போதும்: இன்றைக்கு அடைப்பதானால் எவ்வளவு (வாங்கிய தொகை அல்ல), வட்டி, கெடு தேதி, ஈடாக வைத்தது என்ன. பல வீடுகளில் கணக்கு தவறுவது இங்கேதான். அடகில் இருக்கும் எட்டுப் பவுனை ‘நம்ம நகை’ என்று சொத்துப் பக்கம் எழுதிவிடுகிறார்கள். அதன் மேல் ஏறி நிற்கும் அசலும் வட்டியும் கடன் பக்கத்துக்கு வருவதே இல்லை.

அடுத்து, எல்லா வட்டியையும் வருஷ வட்டியாக மாற்றுங்கள். ‘மூணு வட்டி’ என்றால் மாதம் நூற்றுக்கு 3, வருஷத்துக்கு 36. வாரத் தவணைக் கடன்தான் ஆளை ஏமாற்றும். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,500-ஐ முதலிலேயே பிடித்து, 8,500-ஐக் கையில் கொடுப்பார்கள். வாரம் 1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். ‘ஆயிரத்து ஐந்நூறுதானே’ என்று தோன்றும். ஆனால் முதல் வாரத்திலிருந்தே அசல் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. 8,500 முழுசாக உங்களிடம் இருப்பது ஒரு வாரம்தான். கணக்குப் போட்டால் வட்டி வாரத்துக்கு நூற்றுக்கு 3-க்குச் சற்று மேலே நிற்கிறது. வருஷத்துக்கு 160-ஐத் தொடும்!

வட்டி கூடுதலான கடனை மேலேயும் குறைந்ததைக் கீழேயும் எழுதி, மேலிருந்து அடையுங்கள். கையில் ரொக்கம் வந்ததும் நகையைத் திருப்பத்தான் மனசு போகும். போக வேண்டிய இடம் வார வட்டிக்காரர் வீடு.

இதற்குப் பிறகு செலவுக்கு வாருங்கள். பாஸ்புத்தகத்தில் பதிவு போட்டு வாங்கி, 5,000-க்கு மேல் போனதை மட்டும் வட்டமிடுங்கள். பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ், கோயில் கொடை (திருவிழா) வரி, கல்யாண வீட்டுச் சுருள் (மொய்) என்று நாலைந்து இனம்தான் நிற்கும். கொடை வருஷா வருஷம் வருகிறது. அதைப் போய் எதிர்பாராத செலவு என்று சொல்லலாமா? இவை எல்லாம் சேர்ந்து 36,000 என்றால், வங்கியில் மாதம் 3,000-க்கு ஒரு வருஷ ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போட்டுவிடுங்கள். சுருள் நோட்டில் ஒரு எச்சரிக்கை: நீங்கள் செய்ததை வரவாக எழுதாதீர்கள், அது திரும்பிவரத் தேதி கிடையாது. உங்களுக்கு வந்ததைக் கடனாக எழுதலாம்.

கேள்வி: மூன்று வருஷமாக நகைக் கடனைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறோம். அசல் குறையவே இல்லை. பிசான நெல் அறுத்ததும் அடைத்துவிடலாம் என்று இருக்கிறோம்.
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நீங்கள் வட்டியைக் கட்டித் திருப்பி வைக்கிறீர்களா, வட்டியையும் அசலோடு சேர்த்துப் புதுச் சீட்டுப் போடுகிறீர்களா? தங்கம் விலை ஏறும் காலத்தில் அதே நகைக்குக் கூடுதல் தொகை கிடைப்பதால், இரண்டாவது வழி வலிக்காமல் நடந்துவிடும். 1,20,000 ரூபாய், 9 சதவீத வட்டி என்று வையுங்கள். வருஷ வட்டி 10,800. அதைச் சேர்த்தே வைத்தால் மூன்றாம் வருஷ முடிவில் 1,55,403 நிற்கும்.

பிசானம் அறுப்பு மாசி, பங்குனியில். அதுவரை காத்திருக்க வேண்டாம். பகுதித் தொகை கட்டினால் அன்றிலிருந்தே வட்டி குறையுமா என்று கிளையில் கேளுங்கள். குறையுமென்றால் மாதம் 2,000 ஆனாலும் கட்டுங்கள். அடுத்த முறை வைக்கும்போது எல்லா நகையையும் ஒரே சீட்டில் வைக்காதீர்கள். கம்மல், மோதிரம் ஒரு சீட்டு, வளையல் ஒரு சீட்டு, செயின் ஒரு சீட்டு. ஒரே சீட்டாக இருந்தால் முழுத் தொகையும் சேர்கிறவரை ஒரு மோதிரம்கூட வெளியே வராமல் போகலாம். பிரித்து வைத்தால் சின்னதை முதலில் மீட்கலாம்.

கடன் முழுதும் அடைத்த பிறகு நகையை அதே நாளிலோ, அதிகபட்சம் ஏழு வேலை நாளுக்குள்ளோ தர வேண்டும். தவறு கடன் கொடுத்தவர்களுடையதானால் தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு. 2026 ஏப்ரல் 1-க்குள் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வைத்த விதி இது. சங்கத்தில் பயிர்க் கடனும் இருந்தால் நெல் பணத்தில் முதல் பங்கு அதற்கு. கெடுவுக்குள் கட்டினால்தான் வட்டியில்லாக் கடன்.

கேள்வி: பதினேழு வயதில் பீடி சுற்ற ஆரம்பித்தேன். பி.எஃப். பிடிக்கிறார்கள். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று இதுவரை பார்த்ததில்லை.
– வாசகி, முக்கூடல்

பதில்: பீடித் தொழிலில் பிடித்தம் 12 அல்ல, 10 சதவீதம், கம்பெனியும் அதே 10 போட வேண்டும். யு.ஏ.என். (உங்கள் பி.எஃப். அடையாள எண்) எண்ணோடு பதிவான செல்போனிலிருந்து 9966044425-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்பு குறுஞ்செய்தியில் வரும். வரவில்லை என்றால் பெரும்பாலும் செல் எண்ணோ ஆதாரோ கணக்கில் இணையாமல் இருக்கும்.

பணத்தைவிட முதலில் பார்க்க வேண்டியது பெயரும் பிறந்த தேதியும். ஆதாரில் தகப்பனார் பெயர் முழுசாகவும் பி.எஃப்.பில் இனிஷியலாகவும் இருந்தால், பணம் எடுக்கப் போகும் அன்றைக்குத்தான் மனு திரும்பி வரும். அடுத்தது வாரிசு நியமனம். கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரைக் கொடுத்திருந்தால், கல்யாணத்தோடு அது செல்லாது. புதிதாகக் கொடுக்க வேண்டும். இடையில் கடை மாறினால் பழைய கணக்கைப் புதியதோடு சேர்த்துவிடுங்கள், பணத்தை எடுத்துவிடாதீர்கள். 58 வயதில் மாதப் பென்ஷன் கிடைக்கப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். பென்ஷன் தொகையையும் சேர்த்து எடுத்தால் அதுவரையிலான சர்வீஸ் அதோடு போயிற்று.

கேள்வி: செல்வமகள் கணக்கில் இந்த வருஷம் பணம் போடவில்லை. டிசம்பர் 31-க்குள் போட வேண்டுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வேண்டாம். அதற்கு வருஷம் மார்ச் 31-ல் முடிகிறது. குறைந்தது 250, கூடினால் ஒன்றரை லட்சம். தவறினால் ஒவ்வொரு வருஷத்துக்கும் 50 ரூபாய் அபராதம் கட்டிப் புதுப்பிக்கலாம். எந்த மாதம் போட்டாலும் 5-ம் தேதிக்குள் போடுங்கள். 5-ம் தேதி முடிவிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 6-ம் தேதி தபால் நிலையத்துக்குப் போகிறவர் போடும் பணத்துக்கு அந்த மாத வட்டி கிடையாது.