மகமைக் கணக்கும் ரசீது இல்லாத நிதியும்

மதிப்பிற்குரிய ஐயா,

தேவகோட்டையில் எனக்கு ஒரு பாத்திரக்கடை இருக்கிறது. எங்கள் கடைவீதி வணிகர் சங்கத்தில் உறுப்பினராகவும் இருக்கிறேன். தேர்தல் நெருங்கினால் வேட்பாளர்கள் ஒவ்வொருவராகச் சங்கக் கட்டடத்துக்கு வருவார்கள். சால்வை போர்த்திக் கோரிக்கை மனு கொடுப்போம். சென்ற முறை மனுவில் மூன்று கோரிக்கைகள் இருந்தன: ஜிஎஸ்டி நடைமுறையை எளிதாக்க வேண்டும், கடைவீதியில் கழிவுநீர் வாய்க்கால் கட்ட வேண்டும், தரைக்கடைகளை அகற்ற வேண்டும். அதன்பின் கடைக்கு இவ்வளவு என்று வசூல் நடந்தது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு போயிற்று என்பது நிர்வாகிகள் இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். நான் ரசீது கேட்டேன். "தம்பி, இதுக்கெல்லாம் ரசீது போட்டா யாரு வாங்குவா?" என்று சிரித்தார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகள் இதை லஞ்சம் என்கிறாள். மனு கொடுப்பதும் பணம் கொடுப்பதும் ஒன்றுதானா? நாங்கள் கொடுப்பதும் பெரிய கம்பெனிகள் கொடுப்பதும் ஒன்றுதானா? நம் பக்கத்து முன்னோர்கள் இதை எப்படிச் செய்தார்கள்?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 1920இல் தேர்தல் நடந்த சென்னை மாகாணச் சட்டசபையில், பொதுத் தொகுதிகளைத் தவிர, நிலக்கிழார்களுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தோட்ட முதலாளிகளுக்கும் வணிக அமைப்புகளுக்கும் தனித் தொகுதிகள் இருந்தன. அந்த வணிக அமைப்புகளில் ஒன்று தென்னிந்திய வர்த்தக சபை. இன்னொன்று நாட்டுக்கோட்டை நகரத்தார் சங்கம். அதாவது, நம் பக்கத்து லேவாதேவிக்காரர்கள் தங்கள் நலனைச் சட்டசபையில் எடுத்துச்சொல்ல எந்த வேட்பாளருக்கும் சால்வை போர்த்த வேண்டியிருக்கவில்லை. அவர்கள் பெயரிலேயே அங்கே ஒரு நாற்காலி போடப்பட்டிருந்தது. சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்குரிமை இருந்த காலம் அது. அந்த ஏற்பாடு திரும்ப வேண்டுமென்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த உறுப்பினர் எழுந்து பேசும்போது, அது யாருடைய குரல், எந்தத் தொழிலின் லாப நட்டத்திலிருந்து வருகிற குரல் என்பது அவையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. இன்று ஒரு சட்டத்திருத்தம் யாருடைய குரலில் எழுதப்பட்டது என்று கண்டுபிடிக்க நாம் நீதிமன்றம்வரை போக வேண்டியிருக்கிறது.

நாற்காலி இருந்ததால் காரியம் நடந்ததா என்று கேட்டால், அதற்குப் பர்மாவைப் பார்க்க வேண்டும். என் ஐயா (எங்கள் வழக்கில் அப்பாவின் தகப்பனார்) பர்மாவில் மோல்மீன் ஊரில் ஒரு லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து அடுத்தாளாக, அதாவது முதலாளியின் முகவருக்கு அடுத்த நிலைக்கு, உயர்ந்தவர். ரங்கூனில் நம்மவர்களுக்கு வலுவான சங்கம் இருந்தது. 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு வந்தபோது, தங்கள் தொழிலின் முறைகளையும் வட்டி விகிதங்களையும் நம்மவர்கள் அந்தக் குழுவின் முன் விரிவாகச் சாட்சியம் சொன்னார்கள். தாங்கள் கடன் கொடுப்பவர்களே தவிர நிலத்துக்கு ஆசைப்படுபவர்கள் அல்லர் என்று சொன்னதும் பெருமளவு உண்மைதான். ஆனால் அதே ஆண்டுகளில் உலகப் பொருளாதார மந்தத்தால் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலங்கள் கைக்கு வந்தன. கீழ்ப்பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1937இல் ஏறத்தாழ 25 விழுக்காடாயிற்று. அதே 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலங்களைத் தேசியமயமாக்கும் சட்டம் கொண்டுவந்தது.

ஐயா இதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒரே வாக்கியம்தான். "வெள்ளைக்காரன் முன்னால நம்மாளுக சொன்னது அத்தனையும் சரியான கணக்குத்தான், ஆனா அந்தக் கணக்குல பர்மாக்காரன் பற்று வரியில, கடன்காரனா மட்டுந்தான் இருந்தான்" என்பார். ஆட்சியாளரிடம் பேசத் தெரிந்த ஒரு குழு, தன் பேச்சின் மறுபக்கத்தில் நிற்பவனிடம் பேசாமலே இருந்துவிட்டது. அந்த மறுபக்கத்துக்காரன் கையில் வாக்குச்சீட்டு வந்த பிறகு எந்த மனுவும் எடுபடவில்லை.

இதை வைத்துக்கொண்டு உங்கள் மகளின் வாதத்துக்கு வருகிறேன். மனு கொடுப்பது லஞ்சம் அல்ல. சங்கம் சேர்வதும் சேர்ந்து கேட்பதும் அரசியல் சாசனம் கொடுத்த உரிமை. கேட்காதவனுக்கு நம் நாட்டில் ஒரு குழாயடிகூடக் கிடைக்காது. 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மின்கட்டணத்துக்கு எதிராக மாட்டுவண்டிகளைக் கோவை நகருக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பணபலத்தால் அல்ல, தலைக்கணக்கால் அரசை அசைத்த குழு அது. 1990இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்ததற்கு அந்த நீண்ட அழுத்தம் ஒரு முக்கியக் காரணம். ஆனால் நம் சிவகங்கைச் சீமையிலிருந்து அதைப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. இலவச மின்சாரம் பம்புசெட் உள்ளவனுக்குத்தான் பயன்படும். வானம் பார்த்த பூமியில், கண்மாய்த் தண்ணீரை நம்பி ஒரு போகம் எடுப்பவனுக்கு வேண்டியது கண்மாயைத் தூர்வாருவதும் வரத்துக்கால் ஆக்கிரமிப்பை எடுப்பதும். அவனும் விவசாயிதான், அவனைக் கோவைக்கு வண்டி பூட்டிக்கொண்டு போகவைக்க ஆள் இல்லை. ஆகவே "விவசாயிகள் கோரிக்கை" என்ற பெயரில் ஒன்று நிறைவேறும்போது, எந்த விவசாயி என்று கேட்பதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

பணம் கொடுப்பது எப்போதும் கெட்டது என்றும் சொல்லமுடியாது என்பதற்குக் காரைக்குடியிலேயே சாட்சி இருக்கிறது. மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், நாம் சிக்ரி என்று சொல்வது, இந்த வறண்ட ஊருக்கு வந்ததற்குக் காரணம் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். ஒரு தனிமனிதரின் பணம் அரசின் முடிவை மாற்றியது என்று கடுமையாகச் சொன்னால் சொல்லலாம்தான். ஆனால் யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்ற மூன்றும் ஊரறியச் சொல்லப்பட்டன; எழுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து நானும் அதை இங்கே எழுத முடிகிறது.

தேர்தல் பத்திரத்தில் இல்லாமல் போனது இதுதான். 2017இல் சட்டத்தைத் திருத்தி, 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்தில், பாரத ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கித் தகுதியுள்ள எந்தக் கட்சிக்கும் கொடுக்கலாம் என்றிருந்தது. கொடுத்தவர் பெயரை வாக்காளர் அறிய முடியவில்லை. நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்றிருந்த வரம்பும் அப்போதே நீக்கப்பட்டதால், நட்டத்தில் ஓடும் கம்பெனியும் நன்கொடை கொடுக்கலாம் என்றாயிற்று. நட்டத்தில் ஓடும் கடைக்காரர் ஒருவர் கட்சிக்குக் கோடிகளை அள்ளிக் கொடுத்தால் அது யார் பணம் என்று உங்கள் கடைவீதியில் ஒரு சின்னப் பையன்கூடக் கேட்பான். 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, வாக்காளரின் அறியும் உரிமைக்கு எதிரானது என்று அந்தத் திட்டத்தை ஒருமனதாக ரத்து செய்தது. நன்கொடை வரம்பை நீக்கியதும் அதே தீர்ப்பில் செல்லாது என்றாயிற்று. அடுத்த மாதம் பட்டியல் வெளிவந்தது. மொத்தத்தில் அதிகம் பெற்றது மத்தியில் ஆண்ட பா.ஜ.க. அதிகமாகப் பத்திரம் வாங்கியது கோவையை முகவரியாகக் கொண்ட ஒரு லாட்டரி நிறுவனம், 1,368 கோடி ரூபாய்க்கு. அதில் பெருந்தொகைகள் திரிணாமுல் காங்கிரசுக்கும் தி.மு.க.வுக்கும் போயின.

இங்கே அவசரப்படாமல் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் லாட்டரி 2003இல் தடைசெய்யப்பட்டது. இத்தனை கோடி கைமாறிய பிறகும் அந்தத் தடை நீங்கவில்லை. இந்தப் பணத்துக்கு இந்தச் சட்டம் என்று எல்லா இடத்திலும் நேர்க்கோடு போட முடியாது. பல சமயம் கொடுப்பவர் வாங்குவது ஒரு சலுகையை அல்ல, தன்மேல் கை வைக்காமல் இருப்பதற்கான ஓர் உத்தரவாதத்தை. அது எந்த அரசாணையிலும் பதிவாகாது என்பதால், கொடுத்தவர் பட்டியலாவது நம் கையில் இருக்க வேண்டியிருக்கிறது.

உங்கள் வசூலுக்கு வருகிறேன். தொகை சிறியது என்பதால் அது வேறு வகை ஆகிவிடாது. குறைவாகத் தீங்கு செய்யும், அவ்வளவே. சட்டப்படி கட்சிகள் 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட நன்கொடைகளுக்குக் கொடுத்தவர் பெயரைத் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கடைக்கு இவ்வளவு என்று சிதறி வரும் பணம் அந்தக் கோட்டுக்குக் கீழேயே போய்விடுகிறது. நம் ஊர்ப் பழக்கத்தில் இதற்கு ஒரு மாற்று முன்பே உண்டு. வணிகர்கள் வியாபாரத்தில் இவ்வளவு என்று ஒதுக்கிய மகமையும், கோயிலுக்குப் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று போட்ட வரியும் ஏட்டில் ஏறின. வரவும் செலவும் படித்துக் காட்டப்பட்டன, கேள்வி கேட்கவும் ஆள் இருந்தது. சாமிக்குக் கொடுத்ததற்கே கணக்குக் கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கட்சிக்குக் கொடுத்ததற்குக் கேட்கக்கூடாது என்பது எனக்குப் புரியவில்லை. அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக எழுதிக் கொடுங்கள்: காசோலையாக மட்டுமே கொடுப்பது, எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்பதைச் சங்க ஏட்டில் எழுதுவது. சிரித்தவர்கள் மறுபடியும் சிரிப்பார்கள். அப்படியானால் உங்கள் பங்கைக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, உங்கள் மனுவின் மூன்றாவது கோரிக்கை. தரைக்கடைகளை அகற்றச் சொல்லியிருக்கிறீர்கள். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தின்படி நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும். அதில் குறைந்தது 40 விழுக்காடு உறுப்பினர்கள் தெருவோர வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். உங்கள் நகராட்சியில் அந்தக் குழு கூடுகிறதா என்று விசாரியுங்கள். கூடுகிறது என்றால், வேட்பாளரிடம் கொடுப்பதற்கு முன்னால் அந்த மனுவை அவர்கள் முன்னிலையில் ஒருமுறை வாசியுங்கள். கூடவில்லை என்றால், குழுவைக் கூட்டச் சொல்வதையே மனுவின் முதல் கோரிக்கையாக வையுங்கள்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து