டியேபோலோவின் ஓவியத்தில் டென்னிஸ் மட்டை எப்படி வந்தது?

இத்தாலிய ஓவியர் டியேபோலோ வரைந்த "ஹயாசிந்தஸின் மரணம்" கிரேக்கக் கதை ஆச்சே, கீழே டென்னிஸ் மட்டை ஏன் கிடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மூலக்கதையில் கிரேக்கக் கடவுள் அப்பல்லோ எறிந்த வட்டு பட்டுத்தான் அவன் காதலித்த ஹயாசிந்தஸ் இறக்கிறான். 1561-இல், இந்தக் கதையைச் சொல்லும் ரோமானியக் கவிஞர் ஓவிட்டின் காவியத்தை இத்தாலிய மொழிக்குக் கொண்டுவந்த அங்குவில்லாரா, வட்டுக்குப் பதிலாக அக்காலத்து டென்னிஸ் ஆட்டத்தை வைத்துவிட்டார். 1752-53 வாக்கில் வரைந்த டியேபோலோ அதையே எடுத்துக்கொண்டார்.

சரி, மட்டையை விடுங்கள். பையனின் கன்னத்தைப் பாருங்கள்: பந்து பட்ட தடம். பக்கத்தில் துடித்துப்போன அப்பல்லோ. இத்தனை துயரத்துக்கும் மேலே பான் என்ற ஆட்டுக்கால் காட்டுத் தெய்வத்தின் சிலை மட்டும் இளிக்கிறது; எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஓரத்தில் ஹயாசிந்தஸின் பெயரைத் தாங்கப்போகும் பூ. மாட்ரிட் போனால் தைசென் அருங்காட்சியகத்தில் நேரிலேயே பார்க்கலாம்.